கை கால் நல்லா இருக்கு, சொன்னதுதான் புரியலையா?

போன வாரமும் பக்கவாத நோயாளி ஒருவரை மூன்றாம் நாள்தான் மருத்துவமனைக்குக் கூட்டி வந்தார்கள். மளிகைக் கடைக்காரர், 60 வயதைத் தாண்டியவர். சர்க்கரை கேட்டவரிடம் சரளமாக, ஆனால் தலையும் வாலும் இல்லாமல் ஏதேதோ பேசியிருக்கிறார். முதல் நாள் திருஷ்டி கழித்தார்கள். மறுநாள் மனநல மருத்துவர். ஸ்கேன் எடுக்கச் சொன்ன புண்ணியவான் அவர்தான். ஏன் இத்தனை தாமதம் என்று வீட்டாரைக் கேட்டேன். "பக்கவாதம்னு எப்படி சார் தெரியும்? கை கால் நல்லாத்தானே இருந்துச்சு!"

இந்தப் பதிலைக் கேட்டுக் கேட்டுச் சலித்துவிட்டது. பக்கவாதம் வருவது மூளையில், கையில் இல்லை. கையை அசைக்கும் பகுதிக்கு ரத்தம் நின்றால் கை விழும். இடது காதுக்கு மேலே, சற்றுப் பின்னால் நின்றால் கேட்ட சொல்லின் பொருள் பிடிபடாது. மனிதர் நடப்பார், சாப்பிடுவார், ஓயாமல் பேசுவார், வாய்கூடக் கோணாது. ஜெர்மானிய மருத்துவர் கார்ல் வெர்னிக்கே 1874இலேயே விளக்கி எழுதிய விஷயம் இது.

"வயசாச்சுல்ல" என்பது அடுத்த சமாதானம். வயதானால் பெயர்கள் சட்டென்று வாயில் வராது, உண்மை. சொற்களின் பொருள் அப்படிப் போகாது. சொல்வளம் 60களிலும் குறையாமல் இருக்கும். "இட்லிக்குச் சிமென்ட் தொட்டுக்கொண்டேன்" என்று படித்தால், பொருந்தாத அந்தச் சொல்லைக் கண்ட சுமார் 0.4 நொடியில் மூளையின் மின்பதிவில் ஒரு துள்ளல் தெரியும். ஆய்வாளர்கள் மார்ட்டா குட்டாஸும் ஸ்டீவன் ஹில்யார்டும் 1980இல் கண்டது. முதுமையில் அது கொஞ்சம் தாமதமாகும், சிறுக்கும், அவ்வளவுதான். நேற்றுவரை புரிந்தது இன்று காலை புரியவில்லை என்றால் அது முதுமை இல்லை.

சந்தேகமா? கையால் ஜாடை காட்டாமல், "இடது கையால் கூரையைக் காட்டுங்க" என்று சொல்லிப் பாருங்கள். "எழுந்திருங்க", "கண்ணை மூடுங்க" போதாது. உடம்பு முழுவதற்குமான கட்டளைகளை இந்த நோயாளிகளில் பலர் செய்துவிடுவார்கள். வீட்டார் ஏமாறுவது அங்கேதான்.

சொன்னதைச் சரியாகச் செய்யாவிட்டால் 108ஐக் கூப்பிடுங்கள். ஆஸ்பிரின் கொடுக்காதீர்கள், உள்ளே ரத்தக்கசிவாகவும் இருக்கலாம். காபி, தண்ணீர்கூட வேண்டாம். சர்க்கரை நோயாளி என்றால் அதைச் சொல்லுங்கள். சர்க்கரை இறங்கினாலும் இப்படி உளறுவார்கள். காதருகே கத்தாதீர்கள், அவருக்குக் காது கேட்கிறது. ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசிக்குப் பொதுவாக நாலரை மணி நேரம்தான் கெடு. கடைசியாக எப்போது சரியாகப் பேசினார் என்பதை எழுதி எடுத்து வாருங்கள். எழும்போதே இப்படி இருந்தால், இரவு படுத்த நேரத்தைச் சொல்லுங்கள்.