புளிக்கு ஆகாத பேணி

மட்டக்களப்பில் பொதுச் சுகாதாரப் பரிசோதகராகப் பணியாற்றும் நான், எந்தச் சாப்பாட்டுக் கடைக்குப் போனாலும் சமையல் மேடைக்குக் கீழே குனிந்து பார்க்காமல் வெளியே வருவதில்லை. பால்மா முடிந்த ரின்னில் உப்பும், மீன் தீர்ந்த பேணியில் கரைத்த புளியும் இருப்பதை அங்கேதான் காண்கிறேன். ஒரு கடையில், பழங்கள் அடைத்து வந்த பெரிய பேணியில் தேசிக்காய் ஊறுகாய் இருந்தது. ஊறுகாய்ச் சாறு நின்ற மட்டத்தில் பழுப்பு வளையமொன்று படிந்திருந்தது. "நல்லாக் கழுவித்தானே வெச்சிருக்கம் மகன்" என்றார் கடைக்கார அம்மா. அவர் பொய் சொல்லவில்லை.

கழுவினால் அழுக்குப் போகும், தேய்ந்த பூச்சு திரும்ப வராது. உணவுப் பேணி என்பது மெல்லிய வெள்ளீயம் பூசிய உருக்குத் தகடு. பலவற்றில் அதற்கு மேலும் ஒரு பாதுகாப்புப் பூச்சு இருக்கும். மூடியிருக்கும்வரை உள்ளே காற்று மிகக் குறைவு. திறந்தபின் காற்றும் புளிப்பும் சேர்ந்து வெள்ளீயத்தை விரைவாகக் கரைக்கின்றன. கரண்டி கீறிய இடத்தில் துரு பிடிக்கிறது. பேணியில் அடைத்த உணவில் ஒரு கிலோவுக்கு 250 மில்லிகிராம், பானத்தில் 150 மில்லிகிராம் என்று சர்வதேச உணவு நியமமான கோடெக்ஸ் வெள்ளீயத்துக்கு எல்லை வகுத்திருக்கிறது. அளவு மிஞ்சினால் குமட்டல், வாந்தி, வயிற்றுவலி வரும்.

நம் பேச்சில் வெள்ளீயம், காரீயம் இரண்டையும் 'ஈயம்' என்று சொல்லிவிடுகிறோம். ஆனால் காரீயம் வேறு, அதன் கேடு மிகப் பெரிது. பழைய காலத்துப் பேணிகளின் பக்க மூட்டுகளைக் காரீயம் கலந்த பற்றாசால் ஒட்டினார்கள். அது சிறு பிள்ளைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும். வெளியே ஓர் அறிகுறியும் தெரியாமலே பாதிக்கும் என்பதுதான் என்னை அச்சுறுத்துகிறது. பரணில் கிடக்கும் பழைய பேணியை உணவுக்கு எடுக்கவே வேண்டாம்.

திருவிழாக் காலத்துத் தாகசாந்திப் பந்தல்களுக்கும் இது பொருந்தும். நாகம் (துத்தநாகம்) பூசிய வாளியில் தேசிக்காய்ச் சாறு கரைத்து வைத்தால் நாகம் அதில் இறங்கி, குடித்தவர்களை வாந்தி எடுக்க வைக்கும். பெயின்ட் வாளி, அம்பாறை வயல்களில் கிடக்கும் கிருமிநாசினித் தகரம் ஆகியவற்றை எத்தனை முறை கழுவினாலும் உணவோ குடிநீரோ வைக்கக் கூடாது.

1980ஆம் ஆண்டின் 26ஆம் இலக்க உணவுச் சட்டம், உடலுக்குத் தீங்கான பொருள் கலந்த உணவை விற்பதையும் ஏமாற்றும் சுட்டுத்துண்டுடன் (லேபலுடன்) விற்பதையும் தடை செய்கிறது. பால்மா ரின்னின் பழைய சுட்டுத்துண்டைக் கிழிக்காமல் அதில் நெய் விற்பவர் இதையும் யோசிக்க வேண்டும்.

துருவில்லாத, உலர்ந்த உணவு ரின்னில் சீனியோ தேயிலையோ வைக்கலாம். மிஞ்சிய ரின்மீனை உடனே மூடியுள்ள கண்ணாடிப் பாத்திரத்துக்கு மாற்றிக் குளிர்சாதனப் பெட்டியில் வையுங்கள். ஊறுகாய்க்குக் கண்ணாடிப் போத்தலே ஏற்றது.

அந்த அம்மா ஊறுகாயை அன்றே கொட்டிவிட்டார். அடுத்த முறை போனபோது, அடியில் துளையிட்ட அதே பேணியில், நுளம்பு பெருக நீர் தேங்காதபடி, கறிவேப்பிலைக் கன்று ஒன்று நட்டிருந்தார்.