கேஸ் ஷீட் நகல்: 72 மணி நேர விதியும், அதைத் தராமல் அலையவிடும் வழிகளும்

டிஸ்சார்ஜ் நாளில் கையில் கொடுக்கும் இரண்டு மூன்று பக்கத்தை வாங்கிக்கொண்டு "ரிப்போர்ட் எல்லாம் வாங்கியாச்சு" என்று பலர் வீட்டுக்கு வந்துவிடுகிறார்கள். அது டிஸ்சார்ஜ் சம்மரி. நடந்ததை மருத்துவமனை தன் வார்த்தையில் சுருக்கி எழுதியது, அவ்வளவுதான். உள்ளே உண்மையில் என்ன நடந்தது என்பது கேஸ் ஷீட்டில்தான் இருக்கும். இரவு 2 மணிக்குக் காய்ச்சல் 103 என்று நர்ஸ் எழுதியது, டூட்டி டாக்டருக்குப் போன் போட்ட நேரம், டாக்டர் வந்து பார்த்த நேரம், எந்த ஊசி எத்தனை மணிக்குப் போடப்பட்டது என்பதெல்லாம் அங்கே பதிவாகியிருக்கும். கவனிப்பு சரியாக இருந்ததா என்ற கேள்விக்கு மணிக்கணக்கோடு பதில் சொல்லும் ஒரே காகிதம் அது. இன்னொரு மருத்துவரிடம் ஆலோசனை கேட்கவும், காப்பீட்டுக்காரர்கள் கிளெய்மை நிராகரித்தால் எதிர்த்து நிற்கவும், வழக்கு போடவும் அதுதான் வேண்டும்.

விதி சுருக்கமானது. இந்திய மருத்துவக் கவுன்சிலின் 2002 நெறிமுறை விதிகளில் 1.3.1, உள்நோயாளியின் பதிவுகளைச் சிகிச்சை தொடங்கிய நாளிலிருந்து 3 ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும் என்கிறது. 1.3.2, நோயாளியோ அவர் அதிகாரம் கொடுத்த உடனிருப்பவரோ கேட்டால், கேட்டதற்கு ஒப்புகை கொடுத்து 72 மணி நேரத்துக்குள் ஆவணங்களைத் தர வேண்டும் என்கிறது. தராவிட்டால் அது தொழில் ஒழுங்கீனம் என்று 7.2 சொல்கிறது. "புது விதி வந்துவிட்டது, இப்போது 5 வேலை நாள்" என்று சில இடங்களில் சொல்வார்கள். அந்த விதிகளை, பழைய கவுன்சிலின் இடத்துக்கு வந்த தேசிய மருத்துவ ஆணையம் 2023 ஆகஸ்டில் கொண்டுவந்தது, அதே மாதமே நிறுத்தி வைத்தது. 2002 விதிகள்தான் நடப்பில் உள்ளன.

இந்த விதியில் மூன்று ஓட்டைகள் இருக்கின்றன. ஏமாறுகிறவர்களில் பெரும்பாலோர் இந்த மூன்றில்தான் விழுகிறார்கள்.

முதலாவது, விதி மருத்துவரைத்தான் கட்டுகிறது, மருத்துவமனை என்ற நிறுவனத்தை அல்ல. "மேனேஜர், இன்ன மருத்துவமனை" என்று மட்டும் முகவரியிட்டு மனு கொடுத்தால், பிறகு புகார் செய்யும்போது "மருத்துவரிடம் யாரும் கேட்கவே இல்லை" என்று கைகழுவிவிடுவார்கள். ஆகவே மருத்துவக் கண்காணிப்பாளர், சிகிச்சை அளித்த மருத்துவர் இருவர் பெயரிலும் ஒரே மனுவாகக் கொடுங்கள். மருத்துவரின் பதிவு எண்ணும் அதில் இருக்கட்டும். மருந்துச் சீட்டிலும் ரசீதிலும் அந்த எண் இருக்க வேண்டும் என்பதும் இதே 2002 விதிதான். இல்லையென்றால் தமிழ்நாடு மருத்துவக் கவுன்சிலின் இணையதளத்தில் பெயரைக் கொண்டு தேடலாம். வெளியிலிருந்து வந்து ஆபரேஷன் செய்துவிட்டுப் போகும் விசிட்டிங் டாக்டர் என்றால் இது இன்னும் முக்கியம். "அவர் எங்கள் ஸ்டாஃப் இல்லை, அவர் கிளினிக்கில் கேளுங்கள்" என்பார்கள் இங்கே. "ஃபைல் ஆஸ்பத்திரியில்தான் இருக்கிறது" என்பார் அவர். இரண்டு பெயரும் ஒரே தாளில் இருந்தால் இந்தப் பந்தாட்டம் ஓடாது.

இரண்டாவது, இது உள்நோயாளிகளுக்கு மட்டும். ஓ.பி.யில் பார்த்துவிட்டுத் திரும்பியவருக்காக 3 ஆண்டு காக்கும் கடமை இந்த விதியில் இல்லை. ஓ.பி. சீட்டைத் தூக்கிப் போடாதீர்கள்.

மூன்றாவது, 3 ஆண்டு என்பது டிஸ்சார்ஜ் தேதியிலிருந்து அல்ல, சிகிச்சை தொடங்கிய தேதியிலிருந்து ஓடுகிறது. "அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்" என்று விட்டவர்களுக்குக் கிடைக்கும் பதில் "அழித்துவிட்டோம்" என்பதுதான். அதைச் சட்டப்படியே சொல்ல முடியும்.

யார் கேட்கலாம் என்பதில்தான் அதிகம் அலையவிடுகிறார்கள். நோயாளி உயிரோடு, நினைவோடு இருந்தால் அவர் கையெழுத்திட்ட மனுவே போதும். கணவருக்காக மனைவி, அப்பாவுக்காக மகன் என்றால் நோயாளி கையெழுத்திட்ட அதிகாரக் கடிதமும் இருவரின் அடையாள அட்டை நகலும் சேருங்கள். இதை அட்மிஷன் அன்றைக்கே எழுதி வாங்கி வைத்துக்கொள்வது நல்லது. ஐ.சி.யூ.வுக்குப் போன பிறகு கையெழுத்து வாங்க முடியாது. நோயாளி நினைவிழந்து கிடந்தால், சம்மதப் படிவத்தில் யாரிடம் கையெழுத்து வாங்கினார்களோ அவரே கேட்கட்டும். ஆபரேஷனுக்குச் சம்மதம் தர இவர் தகுதியானவர் என்று ஏற்றவர்கள், நகல் வாங்கத் தகுதியில்லை என்று சொல்வதற்கு நியாயம் கிடையாது. அதையே மனுவில் ஒரு வரியாக எழுதுங்கள்.

நோயாளி இறந்துவிட்டால் "வாரிசுச் சான்று கொண்டு வாங்க" என்பார்கள். தாலுகா அலுவலகத்தில் அது கிடைக்க வாரக்கணக்கில் ஆகும். துக்கத்தில் இருக்கும் குடும்பத்தை அந்த வரிசையில் நிறுத்துவதற்கு 1.3.2-இல் எந்த இடமும் இல்லை. இறப்புச் சான்று, உறவைக் காட்டும் குடும்ப அட்டை, உடனிருப்பவராகக் கையெழுத்திட்ட அட்மிஷன் படிவம் ஆகியவற்றைச் சேர்த்துக் கொடுத்து, 72 மணி நேரத்தை அன்றிலிருந்தே எண்ணுங்கள். தேசிய மனித உரிமை ஆணையத்தின் நோயாளர் உரிமைச் சாசனமும், இறந்தவரைக் கவனித்துக்கொண்டவருக்கு இறப்புச் சுருக்கமும் பரிசோதனை நகல்களும் தரப்பட வேண்டும் என்கிறது. வாரிசுச் சான்றுக்கும் ஒருபக்கம் விண்ணப்பித்து வையுங்கள். வழக்கு என்று வந்தால் அங்கே வேண்டியிருக்கும்.

கவுன்டரில் சொல்லும் மற்ற பதில்களும் எல்லா ஊரிலும் ஒன்றுதான்.

"கோர்ட் ஆர்டர் கொண்டு வாங்க", "போலீஸ் கேட்டால்தான் தருவோம்": விதியில் நோயாளியின் பெயர்தான் முதலில் வருகிறது. நோயாளியின் பதிவை நோயாளிக்கே ரகசியம் என்று சொல்ல முடியாது என்று பம்பாய் உயர் நீதிமன்றம் 1996-லேயே சொல்லிவிட்டது.

"பில் பாக்கி இருக்கிறது": பாக்கியைக் காட்டி நகலை நிறுத்தலாம் என்று விதியில் ஒரு சொல்கூட இல்லை. ஜெராக்ஸ் செலவை மட்டும் கொடுங்கள், ரசீது வாங்குங்கள்.

"காப்பீட்டு அட்டையில் இலவசமாகப் பார்த்தோம், ஃபைலெல்லாம் இன்சூரன்ஸுக்குப் போய்விட்டது": முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் பார்த்தாலும் 1.3.2 அப்படியேதான். காப்பீட்டுக்குப் போவது ஸ்கேன் செய்த பிரதிதான், கேஸ் ஷீட் அவர்களிடமே இருக்கும்.

"எம்.ஆர்.டி.யில் ஆள் இல்லை, திங்கள்கிழமை வாங்க": எம்.ஆர்.டி. என்பது மருத்துவமனையின் பதிவேடுகளை வைத்திருக்கும் பிரிவு. இப்படி மூன்று திங்கள்கிழமை போகும். வாய்வார்த்தையாகக் கேட்கும்வரை 72 மணி நேரம் தொடங்கவே தொடங்காது. எழுத்தில் கொடுத்து, இரண்டாம் பிரதியில் முத்திரை, தேதி, நேரம் வாங்கினால்தான் கணக்கு ஆரம்பம். முத்திரை போட மறுத்தால் சண்டை வேண்டாம். அன்றே ஸ்பீடு போஸ்ட்டில், பெற்றுக்கொண்டதற்கான சான்று கேட்டு அனுப்புங்கள். பழைய பதிவுத் தபால் 2025-இல் ஸ்பீடு போஸ்ட்டோடு சேர்க்கப்பட்டுவிட்டது. மருத்துவமனையின் மின்னஞ்சலுக்கும் அதையே அனுப்புங்கள்.

மனு நீளமாக இருக்கக் கூடாது. இவ்வளவு போதும்: "இன்ன தேதி முதல் இன்ன தேதி வரை ஐ.பி. எண் இன்னதில் உள்நோயாளியாக இருந்த இன்னாரின் முழு உள்நோயாளிப் பதிவுகளின் சான்றளிக்கப்பட்ட, பக்க எண்ணிட்ட நகலை 2002 மருத்துவ நெறிமுறை விதி 1.3.2-இன்படி 72 மணி நேரத்துக்குள் வழங்க வேண்டுகிறேன். நகல் கட்டணம் செலுத்தத் தயாராக உள்ளேன்." எதற்குக் கேட்கிறீர்கள் என்று எழுத வேண்டியதில்லை. கேட்டால் "வேறு டாக்டரிடம் காட்ட" என்றால் போதும். "கேஸ் போடுவேன், பேப்பரில் போடுவேன்" என்று அந்த இடத்தில் கத்தினால், ஃபைல் எம்.ஆர்.டி.யிலிருந்து மேனேஜ்மென்ட் மேசைக்குப் போய்விடும். அதன் பிறகு அதில் என்ன சேரும், என்ன காணாமல் போகும் என்று யாருக்கும் தெரியாது. சந்தேகம் இருந்தால், நோயாளி இன்னும் வார்டில் இருக்கும்போதே கேட்பதுதான் நல்லது.

நகல் கைக்கு வந்ததும் அங்கேயே உட்கார்ந்து புரட்டிப் பாருங்கள். டிஸ்சார்ஜ் சம்மரியும் லேப் ரிப்போர்ட்டும் மட்டும் கோத்து "முழு ஃபைல்" என்று கொடுப்பது வழக்கம். தினசரி டாக்டர் குறிப்பு, நர்ஸ் குறிப்பு, மருந்து சார்ட், உள்ளே போன திரவம் வெளியேறிய சிறுநீர் அளவுக் குறிப்பு, சம்மதப் படிவங்கள் இருக்கின்றனவா? ஆபரேஷன் என்றால் மயக்க மருந்து சார்ட், ஆபரேஷன் குறிப்பு, உள்ளே வைத்த கருவியின் ஸ்டிக்கர், ரத்தம் ஏற்றியிருந்தால் பையின் எண். பிரசவம் என்றால் குழந்தையின் இதயத்துடிப்பைக் காட்டும் சி.டி.ஜி. பட்டை. இதுதான் முதலில் காணாமல் போவது. சி.டி.ஜி.யும் இ.சி.ஜி.யும் வெப்பத் தாளில் வருவதால் சில மாதங்களில் மங்கத் தொடங்கிவிடும். அன்றே போனில் படம் எடுங்கள். பயாப்சி செய்திருந்தால் ரிப்போர்ட்டோடு ஸ்லைடையும், திசுவைப் பதித்து வைத்த மெழுகுக் கட்டியையும் தனியாகக் கேளுங்கள். வேறு இடத்தில் மறுபரிசோதனை செய்ய அவைதான் வேண்டும்.

சம்மதப் படிவத்தில் தேதியும் நேரமும் இருக்கிறதா, ஆபரேஷனின் பெயர் எழுதப்பட்டிருக்கிறதா, இல்லை வெற்றுப் படிவத்தில் வாங்கிய கையெழுத்தா என்று பாருங்கள். இரவுக் குறிப்புகளில் கையெழுத்துக்குக் கீழே பெயரும் பதிவு எண்ணும் இல்லையென்றால், அந்த நேரத்தில் டூட்டியில் இருந்தவர் யார், அவர் தகுதி என்ன என்று எழுத்தில் கேளுங்கள். இரவு முழுக்க ஐ.சி.யூ.வைப் பார்த்துக்கொண்டவரின் பெயரைக் கேட்பது நோயாளியின் உரிமை. மனித உரிமை ஆணையத்தின் நோயாளர் உரிமைச் சாசனத்திலும் அது இருக்கிறது. குறையும் பக்கங்களைப் பட்டியலிட்டு, "இவை தரப்படவில்லை" என்று எழுதிவிட்டுக் கையெழுத்திடுங்கள். "முழு நகலும் பெற்றேன்" என்ற அச்சடித்த தாளில் அப்படியே கையெழுத்திட்டால், பிறகு வாயைத் திறக்க முடியாது. காப்பீட்டுக் கிளெய்முக்கு ஒரிஜினல் அனுப்புவதற்கு முன்னும் எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து வையுங்கள். போனது திரும்பி வராது.

அரசு மருத்துவமனையில் வழி வேறு. மனுவை மருத்துவக் கல்லூரி மருத்துவமனை என்றால் டீனுக்கும், மற்ற மருத்துவமனைகளில் தலைமை மருத்துவ அலுவலருக்கும் கொடுங்கள். அதோடு அன்றே தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் பொதுத் தகவல் அலுவலருக்கும் ஒரு மனு போடுங்கள். 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டலாம். நகலுக்குப் பக்கத்துக்கு 2 ரூபாய், பதில் தர 30 நாள். மனு நோயாளியின் பெயரிலேயே இருக்கட்டும். மகன் பெயரில் போட்டால் "மூன்றாம் நபர் தகவல்" என்று ஒரே வரியில் நிராகரித்துவிடுவார்கள். "ஏன் சரியாகப் பார்க்கவில்லை" என்று கேள்வி கேட்காதீர்கள். ஆவண நகலை மட்டும் கேளுங்கள். ஐ.பி. எண் இல்லையென்றால் "கண்டறிய இயலவில்லை" என்று முடித்துவிடுவார்கள், அதனால் அட்மிஷன் சீட்டைப் பத்திரமாக வைத்திருங்கள். 30 நாளில் பதில் இல்லையென்றால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு.

தனியார் மருத்துவமனை தராவிட்டால், ஒப்புகை நகலோடு தமிழ்நாடு மருத்துவக் கவுன்சிலுக்கு மருத்துவரின் பெயரில் புகார் அனுப்பலாம். 6 மாதத்துக்குள் முடிவெடுக்க வேண்டும் என்று விதி 8.4 சொல்கிறது. அந்தக் கெடுவை நம்பி உட்கார்ந்திருக்காதீர்கள். கவுன்சிலால் எச்சரிக்கவும் பதிவை நிறுத்திவைக்கவும் முடியும், ஒரு ரூபாய்கூட இழப்பீடு தர முடியாது. மேல்முறையீட்டிலும் சிக்கல் இருக்கிறது. 2019 தேசிய மருத்துவ ஆணையச் சட்டம் மருத்துவருக்கு மட்டும்தான் அந்த உரிமையைச் சொல்கிறது. நோயாளிகள் போட்டவற்றைத் தேசிய மருத்துவ ஆணையம் இதைக் காட்டியே திருப்பி அனுப்பியிருக்கிறது. மருத்துவமனையின் பதிவு தொடர்பான புகார் என்றால், மாவட்ட நலப்பணிகள் இணை இயக்குநரிடம் கொடுங்கள்.

இழப்பீடு வேண்டுமென்றால் நுகர்வோர் ஆணையம்தான். கெடு 2 ஆண்டு. கவுன்சிலில் புகார் நிலுவையில் இருப்பதால் இந்தக் கெடு நிற்காது. நல்ல வழக்குகள் பல செத்தது இங்கேதான். கவுன்சில் முடிவு வரட்டும் என்று காத்திருந்து மூன்றாம் ஆண்டில் வக்கீலிடம் போனால், தாமதத்தை மன்னிக்கச் சொல்லி மன்றாடுவதிலேயே பாதி வழக்கு போய்விடும். நீங்கள் கட்டிய தொகை 50 லட்சம் வரை என்றால் மாவட்ட ஆணையம். அது 5 லட்சத்துக்குள் என்றால் மனுக் கட்டணமே இல்லை. இ-ஜாக்ரிதி இணையதளத்தில் போடலாம், வழிகாட்டலுக்கு 1915-க்கு அழையுங்கள். காப்பீட்டு நிறுவனம் பணம் கட்டிய சிகிச்சையும் கட்டணச் சேவைதான் என்று உச்ச நீதிமன்றம் 1995-இல் தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. எல்லோருக்கும் முழுக்க இலவசமாகப் பார்க்கும் அரசு மருத்துவமனைமீது மட்டும் இங்கே போக முடியாது. அங்கே மாநில மனித உரிமை ஆணையம், ஓர் ஆண்டுக்குள், அல்லது உயர் நீதிமன்றம். பெண்கள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர் ஆகியோருக்கு வருமானம் பார்க்காமலே இலவச வக்கீல் உண்டு, 15100-க்கு அழையுங்கள்.

கேஸ் ஷீட் கிடைக்கவே இல்லை என்றாலும் வழக்கைத் தள்ளிப்போட வேண்டாம். ஒப்புகையோடு கேட்ட மனு, ஸ்பீடு போஸ்ட் ரசீது, கையில் உள்ள டிஸ்சார்ஜ் சம்மரி ஆகியவற்றை வைத்து மனுவைத் தாக்கல் செய்துவிட்டு, அசல் ஃபைலைக் கொண்டுவர உத்தரவிடும்படி ஆணையத்திடமே தனியாக ஒரு மனு கொடுங்கள். அங்கேயும் கொண்டுவராவிட்டால், ஏன் மறைத்தார்கள் என்று பதில் சொல்ல வேண்டியது மருத்துவமனைதான்.