பூஸ்டர் வாங்கும் முன் ஒரு நிமிஷம்

கும்பகோணத்தில் ஒரு பழைய தெரு. திண்ணையில் தொடங்கிக் கொல்லைப்புறம் வரை ரயில் பெட்டி மாதிரி நீளும் வீடுகள். இரண்டு பக்கமும் பொதுச்சுவர், அதனால் ஜன்னல் கிடையாது. அந்தப் பகுதி செல்போன் டவரைப் பற்றி, நெட்வொர்க் வேலை பார்க்கும் எங்களுக்கு இரண்டு வாரமாகப் புகார் வந்துகொண்டே இருந்தது. "பேசிக்கொண்டிருக்கும்போதே கட் ஆகிறது", "நான் பேசுவது அவர்களுக்குக் கேட்கவில்லை" என்று எல்லாம் ஒரே மாதிரிப் புகார்கள். டவரிலிருந்து வீடுகளுக்குப் போகும் சிக்னலில் ஒரு குறையும் இல்லை. போன்களிலிருந்து டவருக்குத் திரும்பி வரும் பக்கத்தில்தான் இரைச்சல், வழக்கத்தைவிட 12 டிபி (டெசிபல்) கூடுதல். ஏறக்குறைய 16 மடங்கு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

நெட்வொர்க் வேலையில் இருப்பவர்களுக்கு இதைப் பார்த்ததுமே புரிந்துவிடும். யாரோ வீட்டில் பூஸ்டர், அதாவது சிக்னலைப் பெருக்கும் பெட்டி, மாட்டியிருக்கிறார்கள்.

சிக்னல் எந்தத் திசையிலிருந்து வருகிறது என்று காட்டும் யாகி ஆன்டெனாவையும், அலைவரிசைகளைத் திரையில் காட்டும் ஸ்பெக்ட்ரம் அனலைசரையும் தூக்கிக்கொண்டு மாடி மாடியாக ஏறினோம். மூன்றாவதாக ஏறிய வீட்டு மாடியில் கிடைத்தது. தண்ணீர்த் தொட்டியை ஒட்டி ஒரு இரும்புக் குழாய், அதன் உச்சியில் ஆன்டெனா, அதிலிருந்து கறுப்புக் கேபிள் முற்றத்துக் கம்பி வழியாக வீட்டுக்குள் இறங்கியது. கீழே கதவைத் தட்டினோம். ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் திறந்தார். விஷயத்தைச் சொன்னதும் அவர் முகம் வாடிவிட்டது. "தம்பி, வீட்டம்மாவுக்கு இதய நோய். பின்கட்டுல படுத்திருக்காங்க. ராத்திரி ஏதாவது ஒண்ணுன்னா நான் திண்ணைக்கு ஓடி வந்தா போன் பேசணும்? அதுக்குத்தான் ஏழாயிரம் குடுத்து வாங்கினேன்."

அவர் சொன்னதில் ஒரு வார்த்தை பொய்யில்லை. அவரைக் குற்றவாளியைப் போலப் பார்க்க எனக்கு மனசு வரவில்லை. ஆனால் அதே தெருவில் இன்னொரு வீட்டில் இன்னொரு நோயாளி இருந்தால், அவருடைய 112 அழைப்பையும் சேர்த்துத்தான் இந்தப் பெட்டி அமுக்கிக்கொண்டிருந்தது. பூஸ்டர் என்பது வெளியே ஒரு ஆன்டெனா, உள்ளே ஒரு ஆன்டெனா, நடுவில் பெருக்கும் கருவி. இரண்டுக்கும் இடையே போதிய மறைப்பு இல்லாவிட்டால், கல்யாண வீட்டு மைக் ஸ்பீக்கருக்கு முன்னால் போனால் வீல் என்று கத்துமே, அதே கதைதான். அந்தக் கத்தல் நம் காதுக்குக் கேட்காது, டவருக்குக் கேட்கும். 4ஜி போன் ஒன்று அதிகபட்சமாக 200 மில்லிவாட் அளவில்தான் பேசும். பூஸ்டர் போடும் சத்தத்தில் அந்தச் சின்னக் குரல்கள் எல்லாம் முங்கிப்போகும்.

சட்டமும் இதில் தெளிவாக இருக்கிறது. உரிமம் பெற்ற தொலைத்தொடர்பு நிறுவனங்களைத் தவிர வேறு யாரும் பூஸ்டரையோ ரிப்பீட்டரையோ வைத்திருப்பது, விற்பது, பயன்படுத்துவது மூன்றுமே சட்டவிரோதம் என்று 2022 ஜனவரியில் மத்திய தொலைத்தொடர்புத் துறை பொது அறிவிப்பே வெளியிட்டது. கடையில் பில் போட்டுக் கொடுத்தார்களே என்று பலர் கேட்கிறார்கள். பில் இருப்பதால் அது அனுமதி ஆகிவிடாது.

சரி, பெட்டியைக் கழற்றியாயிற்று. அந்த அம்மாவுக்கு என்ன வழி?

முதலில் அளந்தோம். திரையில் தெரியும் கோடுகளை நம்பாதீர்கள். எத்தனை டிபிஎம்முக்கு (சிக்னல் பலத்தை அளக்கும் அலகு) எத்தனை கோடு என்பதை ஒவ்வொரு போன் கம்பெனியும் தானே முடிவு செய்துகொள்கிறது. ஆண்ட்ராய்டில் செட்டிங்ஸ் போய், அபவுட் போன், அதற்குள் சிம் ஸ்டேட்டஸ் என்று போனால் பெரும்பாலான போன்களில் சிக்னல் அளவு மைனஸ் எண்ணாகத் தெரியும். ஐபோனில் *3001#12345#* என்று டயல் செய்து பார்க்கலாம். 4ஜியில் மைனஸ் 90 வரை நிம்மதி. மைனஸ் 110 தாண்டினால் தடுமாறும், மைனஸ் 120 என்றால் இல்லாத மாதிரிதான். இந்த எண்ணில் 10 குறைந்தால் சிக்னல் பத்தில் ஒரு பங்காகிவிட்டது என்று பொருள். ஆசிரியர் வீட்டுத் திண்ணையில் மைனஸ் 96, கூடத்தில் 109, பின்கட்டில் 121. திண்ணைக்கும் பின்கட்டுக்கும் இருபத்தைந்து டிபி இடைவெளி, அதாவது முன்னூறு மடங்குக்கும் மேல். கனமான செங்கல் சுவர்களை ஒன்றன்பின் ஒன்றாகத் தாண்டி வந்தால் அப்படித்தான் ஆகும். புது வீடுகளில் இதே வேலையைக் கம்பி கட்டிய கான்கிரீட்டும், தகர ஷீட் கூரையும், வெயில் தடுக்கும் உலோகப் பூச்சுக் கண்ணாடியும் செய்கின்றன.

அளந்தபோதே இன்னொன்றும் தெரிந்தது. ஆசிரியரின் மருமகன் வேறு நிறுவனத்து சிம் வைத்திருந்தார். அதே பின்கட்டில் அவர் போனில் மைனஸ் 108. அலைவரிசைதான் காரணம். 700, 850, 900 மெகாஹெர்ட்ஸ் போன்ற தாழ்ந்த அலைவரிசைகள் சுவருக்குள் நன்றாக நுழையும். 2300-ம் 3500-ம் வேகம் தரும், ஆனால் சுவரைக் கண்டால் சோர்ந்துவிடும். எந்த நிறுவனத்தின் எந்த அலைவரிசை உங்கள் தெருவுக்கு வருகிறது என்பது ஊருக்கு ஊர் மாறும். அதனால் விளம்பரத்தைப் பார்த்து நிறுவனத்தை மாற்றாதீர்கள். பக்கத்து வீட்டுக்காரரின் போனை ஐந்து நிமிஷம் இரவல் வாங்கி, உங்கள் வீட்டின் மோசமான மூலையில் வைத்துப் பாருங்கள். அதன் பிறகும் மாற வேண்டும் என்று தோன்றினால் 1900-க்கு எஸ்எம்எஸ்ஸில் போர்ட் கோரிக்கையை, அதாவது நிறுவனம் மாறும் கோரிக்கையை, அனுப்பலாம். நம்பர் அதேதான் இருக்கும்.

ஆனால் அந்த வீட்டுக்கு நாங்கள் செய்த வைத்தியம் அதைவிட எளிது. அவர்களிடம் ஏற்கெனவே பிராட்பேண்ட் இருந்தது. இருந்தும் வைஃபை காலிங் என்று ஒன்று இருப்பது தெரியவில்லை. ஏர்டெல் 2019 டிசம்பரிலும் ஜியோ 2020 ஜனவரியிலும் தொடங்கிய சேவை. தனிக் கட்டணம் இல்லை, தனி ஆப் தேவையில்லை, அதே நம்பர். போன் செட்டிங்ஸில் சிம் பகுதிக்குள் இருக்கும் அந்தப் பொத்தானைத் தட்டினால், அழைப்பு டவருக்குப் பதிலாக வீட்டு இன்டர்நெட் வழியாகப் போகும். போன் மாடல் அதை ஏற்க வேண்டும், அவ்வளவுதான். என் அனுபவத்தில் "வீட்டுக்குள் சிக்னல் இல்லை" என்று வரும் புகார்களில் பாதிக்கு மேல் இந்த ஒரு பொத்தானோடு முடிந்துவிடுகின்றன.

ரவுட்டரும் திண்ணைக்குப் பக்கத்திலேயே இருந்தது, கேபிள்காரர் வசதிக்கு வைத்துவிட்டுப் போன இடம். அதைக் கூடத்துக்கு மாற்றி, பின்கட்டு வரை லேன் கேபிள் இழுத்து இன்னொரு சின்ன ரவுட்டர் வைத்தோம். போனை 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபையில் இணைத்தோம், சுவர் நிறைந்த வீட்டில் அதுதான் தூரம் போகும்.

பிராட்பேண்ட் இல்லாத வீடுகளில் என்ன செய்வது? சிக்னல் நன்றாக இருக்கும் ஜன்னலோரம் ஒரு பிளக் பாயின்ட் போட்டு, போனை அங்கேயே வைத்துவிட்டு ப்ளூடூத் ஹெட்செட்டில் பேசலாம். 5ஜி வருவதும் போவதுமாக இருந்தால் போனை 4ஜியில் நிறுத்துங்கள், தேடித் தேடிச் சார்ஜ் இறங்குவது குறையும். போனின் பின்னால் ஒட்டும் ஆன்டெனா ஸ்டிக்கரால் ஒரு பயனும் இல்லை. தெருவுக்கே சிக்னல் இல்லையென்றால் உங்கள் சிம் நிறுவனத்தின் 198-க்கு அழைத்துப் புகார் எண் வாங்குங்கள். அதில் தீராவிட்டால் அதே நிறுவனத்தின் மேல்முறையீட்டு அதிகாரிக்குப் போகலாம். ஒரே இடத்திலிருந்து பத்துப் பேர் பதிவு செய்த புகார்கள் எங்கள் மேசையில் ஒரு வரைபடப் புள்ளியாகத் தெரியும். வாட்ஸ்ஆப் குழுவில் திட்டுவது அங்கே வந்து சேராது.

டவர் வந்தால் கதிர்வீச்சு என்று தடுக்கும் தெருக்களையும் பார்த்திருக்கிறேன். இந்தியாவில் டவர் கதிர்வீச்சுக்கான உச்ச அளவு, சர்வதேச வரம்பில் பத்தில் ஒரு பங்காக 2012-லேயே நிர்ணயிக்கப்பட்டது. டவர் தூரமாக இருந்தால் உங்கள் காதோரம் இருக்கும் போன்தான் முழு பலத்தோடு கத்தும். சிக்னல் குறைந்த அறையில் போன் சூடாவதும் சார்ஜ் வேகமாக இறங்குவதும் அதனால்தான்.

அந்த ஐப்பசியில் ஆசிரியர் என்னை அழைத்தார், திண்ணையிலிருந்து. "தம்பி, கரண்ட் போச்சு, உள்ள போனும் போச்சு." அன்று நான் சொல்லாமல் விட்டது அது. ரவுட்டர் அணைந்தால் வைஃபை காலிங்கும் அணைந்துவிடும். ரவுட்டருக்கென்றே சின்ன யுபிஎஸ் விற்கிறார்கள், சில மணி நேரம் தாங்கும். இரண்டு ரவுட்டருக்கும் ஒவ்வொன்று வாங்கச் சொன்னேன். கூடவே மருமகன் வைத்திருந்த நிறுவனத்து சிம் ஒன்றைப் போட்டு, ஒரு சாதாரண பட்டன் போனை அம்மாவின் தலைமாட்டில் வைக்கச் சொன்னேன். மறுநாள் அந்தப் போனிலிருந்தே அந்த அம்மா பேசினார்கள்.