377-ஆம் பிரிவு: போனது எது, இருப்பது எது?

மிரட்டலுக்கு ஆளாகிப் பணத்தைப் பறிகொடுத்துவிட்டு என் அலுவலகத்துக்கு வரும் ஆண்கள் பலர் முதலில் கேட்பது, "புகார் கொடுத்தா என் மேலயே 377 போட்டுடுவாங்களா சார்?" என்பதுதான். செல்பேசிச் செயலியில் பழகி, நேரில் வரவழைத்து, படமெடுத்து வைத்துக்கொண்டு மிரட்டும் கும்பல்களும் இந்திய தண்டனைச் சட்டத்தின் இந்தப் பிரிவு எண்ணைச் சொல்லித்தான் பயமுறுத்துகின்றன. வயதுவந்த இருவர் மனமொப்பித் தனிமையில் கொள்ளும் தன்பாலின உறவு 2018 செப்டம்பர் 6 முதல் இந்தியாவில் குற்றமில்லை என்பது இன்னும் பலருக்கு எட்டவில்லை.

இந்தச் சட்டத்தின் வேர் இங்கிலாந்தில் இருக்கிறது. அதுவரை திருச்சபை நீதிமன்றங்கள் பாவமாக விசாரித்துவந்த இத்தகைய உறவை, 1533-இல் எட்டாம் ஹென்றியின் ஆட்சி மரண தண்டனைக்குரிய குற்றமாக்கியது. ஆங்கிலேயர் ஆட்சியில் இங்கே மெக்காலே தலைமையிலான ஆணையம் 1837-இல் அளித்த வரைவு பல திருத்தங்களுக்குப் பின் 1860-இல் இந்திய தண்டனைச் சட்டமாகி, 1862 ஜனவரி 1 அன்று நடைமுறைக்கு வந்தது. ஆண், பெண், விலங்கு எதனுடனும் இயற்கையின் ஒழுங்குக்கு மாறாக உடலுறவு கொள்பவருக்கு ஆயுள் தண்டனையோ பத்தாண்டு வரை சிறையோ விதித்த 377-ஆம் பிரிவு, அந்த உறவில் சம்மதம் இருந்ததா என்று கேட்கவே இல்லை. ஆகவே, வன்கொடுமை செய்தவரும் விரும்பிக் கூடியவரும் ஒரே கூண்டில் நிறுத்தப்பட்டனர். என் பார்வையில் பிற்காலக் குழப்பங்கள் அனைத்துக்கும் மூலம் இதுதான்.

1884-இல் அலகாபாத் உயர் நீதிமன்றத்துக்கு வந்த கைராத்தி வழக்கு நல்ல உதாரணம். பெண்ணுடை உடுத்திப் பெண்களோடு பாடிக்கொண்டிருந்த ஒருவரைப் பிடித்து, மருத்துவப் பரிசோதனைக்கு உட்படுத்தி, அதன் முடிவை வைத்தே கீழ் நீதிமன்றம் தண்டித்துவிட்டது. எங்கே, எப்போது, யாருடன் என்ற எதுவுமே குற்றச்சாட்டில் இல்லாததால் உயர் நீதிமன்றம் அவரை விடுவித்தது; ஆனால் அதே தீர்ப்பில் அதிகாரிகளின் நோக்கத்தைப் புரிந்துகொள்வதாகவும் சொல்லிவைத்தது.

இங்கிலாந்து 1967-இலேயே தன் சட்டத்தைத் தளர்த்திக்கொண்டது. இங்கோ 2009-இல் தில்லி உயர் நீதிமன்றம், மனமொப்பிய உறவு குற்றமல்ல என்று தந்த விடுதலையை 2013-இல் உச்ச நீதிமன்றத்தின் இருவர் அமர்வு பறித்துக்கொண்டது. நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேலாகியும் இருநூறு பேர்கூட வழக்குக்கு உள்ளாகவில்லை என்பது அந்த அமர்வு சொன்ன காரணங்களுள் ஒன்று. குற்றவியல் நீதிமன்றங்களில் புழங்கும் எவருக்கும் அது வியப்பளிக்கும், ஏனெனில் இந்தப் பிரிவு வேலை செய்த இடம் தீர்ப்புத் தொகுப்புகள் அல்ல. காவல் நிலையமும் பூங்காவும் பேருந்து நிலையமுமே. 2018-இல் ஐவர் அமர்வு அந்தத் தீர்ப்பை ரத்து செய்து, சம்மதமற்ற செயல்களுக்கும் விலங்குடனான உறவுக்கும் மட்டும் பிரிவை விட்டுவைத்தது.

அந்த மிச்சமும் இப்போது இல்லை. இந்திய தண்டனைச் சட்டத்துக்கு மாற்றாக 2024 ஜூலை 1 அன்று நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் 377-க்கு இணையான பிரிவு கிடையாது. சம்மதமற்ற செயல்களுக்காக அதைத் தக்கவைக்குமாறு நாடாளுமன்ற நிலைக்குழு 2023-இல் பரிந்துரைத்தும் பயனில்லை. பாலியல் வல்லுறவுப் பிரிவான 63 பெண்களை மட்டுமே பாதிக்கப்பட்டவராகக் கொள்கிறது. பாதிக்கப்பட்டவர் பதினெட்டு வயதுக்குட்பட்டவரானால், பையனோ பெண்ணோ, போக்சோ சட்டம் உண்டு. திருநர்களுக்கு 2019-ஆம் ஆண்டுச் சட்டம் இருந்தாலும், பாலியல் வன்கொடுமைக்கு அதில் உச்சத் தண்டனை இரண்டே ஆண்டுகள்தான். வயதுவந்த ஆண் ஒருவர் வன்கொடுமைக்கு ஆளானால், காயம், சட்டவிரோத அடைப்பு, மிரட்டல் ஆகிய பிரிவுகளைக் கோத்துத்தான் புகார் எழுத வேண்டியிருக்கிறது. சம்பவம் 2024 ஜூலைக்கு முந்தையதானால் பழைய 377 இன்றும் பொருந்தும் என்பதைப் புகார் எழுதும்போது மறக்கக்கூடாது.

மிரட்டப்படுவோர் படங்களையும் செய்திகளையும் பதற்றத்தில் அழித்துவிடாமல், பணம் அனுப்பிய விவரத்தோடு புகார் கொடுக்கலாம். மிரட்டிப் பணம் பறித்தலுக்கு பாரதிய நியாய சன்ஹிதாவில் 308-ஆம் பிரிவு இருக்கிறது. தன்பாலின ஈர்ப்பாளர், திருநர் உள்ளிட்ட பால்புதுமையினரைத் துன்புறுத்துவதைக் காவலர் நடத்தை விதிகளிலேயே தமிழ்நாடு அரசு 2022-இல் தடை செய்துவிட்டதால், நிலையத்தில் கேலி செய்யும் காவலர்மீது மேலதிகாரியிடம் தனியே எழுத்துமூலம் முறையிடவும் வழியுண்டு.