குரங்குக்குப் பத்து நாள் கணக்கு கிடையாது

கன்னத்தில் கீறலோடு வந்த இரண்டரை வயதுக் குழந்தையின் தந்தை, கைபேசியில் ஒரு குரங்கின் படத்தைக் காட்டி, "நேற்றும் இதே சுவரில்தான் உட்கார்ந்திருந்தது டாக்டர், நன்றாகத்தான் இருக்கிறது, பத்து நாள் பார்த்துவிட்டு வெறிநாய்க்கடி ஊசி போட்டுக்கொள்ளலாம் என்றார்கள்" என்றார். காயம்பட்டு நான்கு நாள் ஆகியிருந்தது. அப்படிச் சொன்னது யார் என்று கேட்பதை நான் விட்டுவிட்டேன். காட்டை ஒட்டிக் குடியிருக்கும் குடும்பங்கள் இதையே ஏறத்தாழ இதே சொற்களில் சொல்லக் கேட்டுச் சலித்துப்போனதால்தான் இதை எழுதுகிறேன்.

பத்து நாள் கணக்கு நாய்க்கும் பூனைக்கும் மட்டுமே உரியது. ரேபிஸ் எனும் வெறிநாய்க்கடி நோயின் கிருமி உமிழ்நீரில் வெளிப்படத் தொடங்கிய சில நாட்களுக்குள் அவை நோயுற்று இறந்துவிடும் என்பது தெரிந்திருப்பதால், கடித்த பிராணி பத்து நாளும் நலமாக இருந்தால், கடித்த அன்று அதன் உமிழ்நீரில் கிருமி இல்லை என்று கொள்கிறோம். குரங்கு, நரி, கீரி போன்றவற்றுக்கு நம்பத்தக்க கணக்கு எதுவும் கிடையாது. இருந்தாலும்தான் என்ன பயன்? கூட்டத்தோடு வந்து மரமேறிப்போன ஒரு குரங்கை அடையாளம் வைத்து யார் பின்தொடர்வது? படத்தில் இருப்பது பிராண்டிய அதே குரங்குதான் என்பதற்கே சான்றில்லை. மேலும், நாய்க்கடியிலுங்கூட அந்தப் பத்து நாள் ஊசியைத் தள்ளிப்போடுவதற்கான அவகாசம் அல்ல. முதல் நாளே ஊசியைத் தொடங்கிவிட்டு, பிராணி நலமாக இருப்பது உறுதியானால் மீதி ஊசிகளை நிறுத்தலாமா என்று மருத்துவர் முடிவு செய்வதற்கான காலம் அது.

"கடிக்கவில்லை, பிராண்டியதுதான்" என்பது அடுத்த சமாதானம். தோலைக் கிழித்து ரத்தம் வரவைத்த கீறலும் கடியும் உலக சுகாதார நிறுவனத்தின் பகுப்பில் ஒன்றுதான். இரண்டும் மிக ஆபத்தான மூன்றாம் வகை. அவற்றுக்குத் தடுப்பூசியோடு, கிருமியை உடனே எதிர்க்கும் ஆயத்த எதிர்ப்புப் பொருளான இம்யூனோகுளோபுலினையும் காயத்தின் உள்ளும் சுற்றிலும் செலுத்த வேண்டும். சிறு குழந்தைகளுக்கு உயரம் குறைவு என்பதால் காயம் பெரும்பாலும் முகத்திலும் தலையிலும் விழுகிறது. கிருமி போய்ச் சேரும் மூளை அங்கிருந்து அருகில். நோய் அறிகுறி தோன்றிவிட்டால் எங்கள் கையில் மருந்து எதுவும் இல்லை.

காயம்பட்டவுடன் குழாயைத் திறந்து, ஓடும் நீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவுங்கள். குழந்தை அலறும், அலறட்டும். பொடி, சுண்ணாம்பு, பச்சிலை எதையும் அப்பாதீர்கள். அன்றே மருத்துவமனைக்கு வாருங்கள். தொப்புளைச் சுற்றி ஊசி போடும் காலம் எப்போதோ போய்விட்டது. இப்போது கையிலும், இரண்டு வயதுக்கு உட்பட்டவர்களுக்குத் தொடையிலும்தான் போடுகிறோம். (சக மருத்துவர்களுக்கு ஒரு வார்த்தை: முகத்தில் தழும்பு விழுமே என்று இம்யூனோகுளோபுலின் செலுத்துவதற்கு முன்பே தையல் போட்டு அனுப்பிவிடாதீர்கள்.)

அணில், எலி கடித்தால் ரேபிஸ் வருவது மிக அரிது. ஆனாலும் காயத்தைக் காட்டிவிடுங்கள். வௌவால் கதை வேறு. அதன் பற்கள் மிகச் சிறியவை என்பதால் கடித்த தடம் கண்ணுக்குத் தெரியாமல் போகலாம். ஆகவே குழந்தை தூங்கிய அறைக்குள் வௌவால் இருந்திருந்தால், காயம் தென்படாவிட்டாலும் மருத்துவரிடம் கேளுங்கள்.

பெற்றோரிடம் ஒரு வேண்டுகோள்: "அதன் பக்கத்தில் ஏன் போனாய்" என்று அடிக்காதீர்கள். அடிவாங்கிய குழந்தை அடுத்த முறை கீறலைச் சட்டைக்குள் மறைத்துக்கொள்ளும். நாள் கடந்துபோயிருந்தாலும், வெட்கப்பட்டுக்கொண்டு வீட்டில் இருந்துவிடாமல் வந்துவிடுங்கள். பல வாரம் ஆகியிருந்தாலும் ஊசியைத் தொடங்குவோம்.

குரங்குகள் அன்றாடம் வந்துபோகும் இடத்தில், மருத்துவமனைக்கு வெகு தொலைவில் வாழ்பவர்கள், கடிபடுவதற்கு முன்பே குழந்தைக்குத் தடுப்பூசி போடுவது பற்றிக் கேளுங்கள். உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரைப்படி, ஏழு நாள் இடைவெளியில் இரண்டு தவணை ஊசிகள். அவற்றைப் போட்டிருந்தால், பின்னர் கடிபட்டாலும் இம்யூனோகுளோபுலின் தேவைப்படாது, சில ஊக்க ஊசிகளே போதும். அந்த ஊசி அட்டையைத் தொலைத்துவிடாமல் மற்றத் தடுப்பூசி அட்டைகளோடு சேர்த்து வையுங்கள்.