டி-டைமர்: எங்கிருந்து வந்த சொல், என்ன பொருள்?

கொரோனா வந்துபோன பல வீடுகளில் புழங்கிய சொல் டி-டைமர். காய்ச்சல் விட்டு, சளிப் பரிசோதனையும் நெகடிவ் ஆன பிறகு, ரத்தப் பரிசோதனைத் தாளில் இந்த ஒரு வரி மட்டும் தடித்த எழுத்தில் நிற்கும். உடனே "ரத்தம் உறைஞ்சிருக்காம்" என்று வீடே கலங்கிவிடும்.

இங்கே டைமர் என்பது நேரம் குறிக்கும் கருவி இல்லை. கிரேக்கத்தில் 'டி' என்றால் இரண்டு, 'மெரோஸ்' என்றால் பகுதி. ஒரே மாதிரியான இரண்டு பகுதிகள் சேர்ந்தது டைமர். முன்னால் நிற்கும் டி ஆங்கில எழுத்து. ரத்தத்தில் கரைந்திருக்கும் ஃபைப்ரினோஜென் என்ற புரதத்தைச் சிதைத்துப் பார்த்த ஆய்வாளர்கள், பிரிந்த துண்டுகளுக்கு ஏ, பி, சி, டி, ஈ என்று வரிசையாகப் பெயர் வைத்தார்கள். அதில் ஓரத்துத் துண்டுதான் டி.

ரத்தம் உறையும்போது ஃபைப்ரினோஜென், ஃபைப்ரின் என்ற நாராக மாறுகிறது. பக்கத்துப் பக்கத்து டி முனைகளை 13ஆம் உறைவுக் காரணி இறுக்கிப் பிணைக்கிறது. அப்புறம் பிளாஸ்மின் என்ற நொதி வந்து அந்த நாரை வெட்டிக் கரைக்கும்போது இந்தப் பிணைப்பை மட்டும் வெட்ட முடிவதில்லை, அதனால் இரண்டு டி ஒட்டியபடியே ரத்தத்தில் மிஞ்சுகின்றன. அதாவது எங்கோ ஓர் உறைவு உண்டானது, அது கரைந்துகொண்டும் இருக்கிறது, இரண்டையும் சேர்த்தே இந்தச் சொல் சொல்கிறது.

தமிழில் என்ன சொல்லலாம்? பாலிமரைப் பலபடி என்பதால் டைமரை இருபடி என்கிறார்கள், ஆனால் அதைக் கேட்டதும் கணக்குப் பாடத்து இருபடிச் சமன்பாடுதான் நினைவுக்கு வரும். இலங்கைப் பாடநூல்களில் பாலிமர் பல்பகுதியம். அந்த வழியில் வரும் 'டி-இருபகுதியம்' கிரேக்கப் பொருளுக்கும் அப்படியே பொருந்துகிறது, என் ஓட்டு அதற்குத்தான். நோயாளியிடம் பேசும்போது 'உறைவுச் சிதைபொருள்' என்றால் இன்னும் எளிதாகப் புரியும்.

சரி, கொரோனா குணமான பிறகும் டி-டைமர் ஏன் கூடுதலாக இருக்கிறது? அயர்லாந்தின் டப்ளின் நகரில் செயின்ட் ஜேம்ஸ் மருத்துவமனையில் குணமடைந்த 150 பேரைப் பார்த்ததில், ஏறக்குறைய நான்கில் ஒருவருக்கு, சிலருக்கு நான்கு மாதம் வரைகூட, இது உயர்ந்தே இருந்தது. சி.ஆர்.பி. போன்ற அழற்சி அளவுகள் பெரும்பாலும் இறங்கிவிட்டன. டி-டைமர் ரத்தத்தில் பாதியாகக் குறைய ஏறக்குறைய 8 மணி நேரம் போதும் என்பதால், மாதக்கணக்கில் தெரிவது பழைய மிச்சமாக இருக்க முடியாது, புதிதாக உருவாகிக்கொண்டே இருக்கிறது. 50 வயதைக் கடந்தவர்களிடமும் மருத்துவமனையில் சேர்ந்து சிகிச்சை பெற்றவர்களிடமும் இது கூடுதலாகத் தெரிந்தது.

எண்ணைப் பார்க்கும் முன் அலகைப் பாருங்கள். ஒரு லேப் 0.8 மைக்ரோகிராம் என்று தரும், இன்னொரு லேப் 800 நானோகிராம் என்று தரும், மில்லிலிட்டருக்கு இரண்டும் ஒன்றுதான். எஃப்.இ.யு. (ஃபைப்ரினோஜெனுக்குச் சமமாக்கிச் சொல்லும் அலகு) கணக்கில் 500 நானோகிராம் என்பது டி.டி.யு. (டி-டைமரை மட்டும் அளக்கும் அலகு) கணக்கில் சுமார் 250. கர்ப்பம், அறுவை சிகிச்சை, புற்றுநோய், வயது என்று எதனாலும் இது ஏறும். அதனால் இந்த ஓர் எண்ணை நம்பி ரத்தம் உறையாமலிருக்கும் மாத்திரையைத் தானாகத் தொடங்கவே கூடாது, மருத்துவர் கொடுத்திருந்தால் தானாக நிறுத்தவும் கூடாது. ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தாலோ, திடீரென்று மூச்சு வாங்கினாலோ, நெஞ்சு வலித்தாலோ, எண் எதுவாக இருந்தாலும் உடனே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.