ஸ்பின்: சுழற்சியா, புரியா?

ராமேஸ்வரத்துச் சங்குக் கடைகளில் "வலம்புரி இருக்கா?" என்று விசாரிக்காத யாத்ரீகர் குறைவு. அந்தப் 'புரி', அணுக்கரு ஆய்வுக்கும் உதவக்கூடிய சொல். எலக்ட்ரான் போன்ற துகள்களின் ஒரு பண்பை ஆங்கிலத்தில் 'ஸ்பின்' என்கிறார்கள்; அதையும் அதைச் சார்ந்த சொற்களையும் தமிழில் எப்படிச் சொல்வது என்பதே கேள்வி.

ஆங்கிலத்தில் 'ஸ்பின்' முதலில் பம்பரத்தின் சொல் அல்ல. பஞ்சை இழுத்து முறுக்கி நூலாக்குவதே அதன் பழைய பொருள்; சிலந்திக்கு அவர்கள் வைத்த பெயரும் அதே வேரில் முளைத்ததுதான். சுற்றுதல் என்ற பொருள் பின்னால் ஒட்டியது. 1925இல் ஊலன்பெக், கௌட்ஸ்மிட் என்ற இரு இளைஞர்கள், எலக்ட்ரான் தன்னைத்தானே சுற்றுகிறது என்றார்கள். அப்படிச் சுற்றினால் அதன் விளிம்பு ஒளியையே முந்த வேண்டியிருக்கும்! ஆகவே அது சுற்றல் அல்ல, துகளோடு பிறந்த கோண உந்தம், அதாவது சுழலும் பொருளுக்கு இருப்பது போன்ற உந்தம். ஸ்பின்னுக்குப் பாடநூல் தரும் 'தற்சுழற்சி' என்ற சொல் பழைய படத்தையே காட்டுகிறது. சரி, ஆங்கிலமும் அதே தப்பைத்தான் செய்கிறது, இருக்கட்டும்.

புரோட்டான், நியூட்ரான் இரண்டுக்கும் பொதுப்பெயர் நியூக்ளியான், தற்சுழற்சி ½. உள்ளிருக்கும் குவார்க்குகள் என்ற நுண்துகள்களின் தற்சுழற்சியைக் கூட்டினால் கணக்கு முடிந்தது என்றே நினைத்திருந்தார்கள். செர்ன் என்ற ஐரோப்பிய ஆய்வகத்தில் மியூவான் (எலக்ட்ரானின் கனத்த உறவு) கற்றையைப் புரோட்டான்கள்மீது பாய்ச்சிய சோதனையின் முடிவு 1988இல் வெளிவந்தபோது, குவார்க்குகளின் பங்கு மிகச் சிறிதாக இருந்தது. இன்றைய மதிப்பீட்டில் சுமார் 30 சதவீதம். மீதியைக் குவார்க்குகளை ஒட்டிவைக்கும் குளுவான்களிலும் உள்ளே நடக்கும் சுற்றோட்டத்திலும் தேடுகிறார்கள். ஓட்டம் என்றால் எது எங்கே இருக்கிறது, எந்தப் பக்கம் போகிறது என்று தெரிய வேண்டும். நியூக்ளியானின் உட்புறத்துக்கு முப்பரிமாணப் படம் தேவைப்படுவது அதனால்தான். அமெரிக்காவின் ஜெபர்சன் ஆய்வகத்தில் எலக்ட்ரான் கற்றையின் தற்சுழற்சியை மாற்றி மாற்றித் திருப்பி, சிதறலில் வரும் வித்தியாசத்தை எண்ணுகிறார்கள்.

தற்சுழற்சி பயணத் திசையோடு ஒத்துப்போகிறதா, எதிர்க்கிறதா என்பதற்கு 'ஹெலிசிட்டி' என்று பெயர். கிரேக்கத்தில் ஹெலிக்ஸ் என்றால் சுருள். தமிழில் 'புரிநிலை' எனலாம். புரி என்றால் முறுக்கு. கயிற்றின் இழையும் புரிதான். ஸ்பின்னும் நூலில் பிறந்தது, புரியும் அப்படியே.

ஆனால் வலம்புரி, இடம்புரி என்று அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. நம் வலம்புரிச் சங்கின் சுருள் தொடங்கும் கூம்பு முனையை மேலே வைத்து, வாய் நம்மைப் பார்க்கப் பிடித்தால் வாய் இடப்பக்கம் வரும். உயிரியலில் அது இடஞ்சுழி. இயற்பியலின் வலக்கை முறுக்கு (தற்சுழற்சி பயணத் திசையோடு ஒத்துப்போவது), கடலில் சாதாரணமாகக் கிடைக்கும் இடம்புரியோடுதான் பொருந்தும். அதனால் 'வலக்கைப் புரி', 'இடக்கைப் புரி' என்று எழுதுவதே என் கட்சி. இல்லாவிட்டால் கீழக்கரையில் சங்கு அறிந்தவர் யாராவது நம்மைப் பிடித்துக்கொள்வார்.